அடி விழாத கொடுமை!

அடித்தால்தான் கொடுமையா? அல்ல. "எங்கே போனாய்? யாரோடு பேசினாய்?" என்று துருவித் துருவிக் கேட்டு, ஒரு பெண்ணைப் பயத்திலேயே வைத்திருப்பதும் கொடுமைதான். அது உடம்பையும் கெடுக்கும்!

தென் ஆப்பிரிக்காவில் 15 முதல் 26 வயது வரையுள்ள 1,099 பெண்களை ஆராய்ச்சியாளர்கள் 2 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. கிருமி இல்லை. பிறகு 128 பேருக்குத் தொற்றிவிட்டது! அடிக்கடி அடி உதை பட்ட பெண்களுக்கும், ஆண் சொன்னதே சட்டம் என்று அடங்கிக் கிடந்தவர்களுக்கும் தொற்று அதிகம். 2010-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

பயந்த பெண் என்ன செய்வாள்? 'ஆணுறை அணியுங்கள்' என்று சொல்ல வாய் வராது. "என் மேல் சந்தேகமா?" என்று அவன் சீறுவானே! நோய் கண்டாலும் டாக்டரிடம் போக அஞ்சுவாள்.

சொல்லால் வதைப்பதும் வன்முறையே என்கிறது நம் நாட்டின் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். பெண்கள் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து உதவி கேட்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ரகசியம் காக்கப்படும்.

பெற்றோர்களே! மகள் கண்ணீரோடு வந்து நின்றால், "அடிக்கவில்லையே, பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து, முழுவதையும் கேளுங்கள்.