97 கிலோவாட்டும் ஒரு போத்தல் எண்ணெயும்

அதிகாலை மூன்றரை மணிக்குச் சிமெயிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குப் போக என் காருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆறு ஆண்டுகளாக அதன் வேலை அவ்வளவுதான். போகும், ஒன்பது மணி நேரம் நிற்கும், திரும்பி வரும். இப்படிச் சொகுசாக வாழும் வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இயந்திரத்தை முடுக்கியதும் பின்னால் நீலப் புகை கிளம்பியது. விரைவுச்சாலையில் ஏறி வேகமெடுத்தபோது விசிலடிப்பதுபோல் ஒரு சத்தம். டர்போ போய்விட்டது.

பட்டறையில் கழற்றிக் காட்டினார்கள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியது. அதன் உட்புறம் அடிப்பிடித்த வாணலியைப்போல் கரி படிந்திருந்தது. செலவுத் தொகை என் மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. சிஓஇ முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருப்பதால் வண்டியைக் கழித்துவிடவும் மனம் வரவில்லை. "அப்பவே மாத்தியிருக்கலாம்ல?" என்று மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எண்ணெய் மாற்றுவதை நான் இரண்டு முறை தள்ளிப்போட்டது அவருக்குத் தெரியும். போத்தலில் 'நீண்ட ஆயுள்' என்று போட்டிருந்ததை நம்பியிருந்தேன்.

சிங்கப்பூரில் இது என் ஒருவனின் கதையாக இருக்காது. 2014 பிப்ரவரி முதல் சிஓஇ 'ஏ' பிரிவில் 1,600 சிசி என்ற வரம்போடு 97 கிலோவாட் (130 குதிரைத்திறன்) என்ற வரம்பும் சேர்ந்தது. ஐரோப்பாவில் புகை விதிகள் இறுக, நிறுவனங்கள் ஏற்கெனவே பெரிய இயந்திரத்தைக் குறுக்கி டர்போ மாட்டத் தொடங்கியிருந்தன. அந்தச் சின்ன இயந்திரங்கள் சில, திறனைச் சற்றுக் குறைத்துக்கொண்டு நம் 'ஏ' பிரிவுக்குள் பாந்தமாக வந்து உட்கார்ந்தன. வீவக அடுக்குமாடிகளுக்குக் கீழே இன்று நிற்கும் குடும்பக் கார்களில் எத்தனையோ, உரிமையாளர் அறிந்தோ அறியாமலோ, டர்போ வண்டிகள்தாம்.

டர்போ என்பது புகையின் விசையில் சுழலும் ஒரு சின்னக் காற்றாடி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அதைச் சுழற்றும் புகையின் வெப்பம் பெட்ரோல் இயந்திரத்தில் 900 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். அந்தக் காற்றாடியின் அச்சு, பெரும்பாலான டர்போக்களில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்தப் படலம் கருகினால் அச்சு தேயும்.

குறுகிய பயணமும் இதில் ஒரு வில்லன். நேரடி எரிபொருள் பாய்ச்சும் இயந்திரங்களில் கொஞ்சம் பெட்ரோல் எண்ணெயில் கலந்தே தீரும். அரைமணி நேரம் தொடர்ந்து ஓடினால் சூட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிவிடும். பத்து நிமிட ஓட்டத்தில் எண்ணெயே சரியாகச் சூடேறுவதில்லை. பெட்ரோலும் ஈரமும் உள்ளேயே தங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கின்றன. கையேட்டைப் புரட்டினேன். குறுகிய பயணம், நின்று நின்று போகும் நெரிசல், வெப்பமான பருவநிலை ஆகியவற்றைக் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக எழுதி, எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை.

அடுத்து, எந்த எண்ணெய்? "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் சரி" என்பார் முன்பு நான் போய்க்கொண்டிருந்த பட்டறைக்காரர். அவர் ஊற்றியது 10டபிள்யூ-40. கையேடு கேட்டது 5டபிள்யூ-30. வெளியே 32 டிகிரி என்றாலும் உள்ளே எண்ணெய்க்கு 100 டிகிரிக்கு மேல். எனவே வெயிலை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

கடைத்தட்டில் இரண்டு போத்தல்களை எடுத்து ஒப்பிட்டேன். இரண்டிலும் 5டபிள்யூ-30. முதல் எண்ணும் 'டபிள்யூ'வும் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு. 5டபிள்யூவுக்கு இயந்திரத்தை முடுக்கும் சோதனை நடப்பது மைனஸ் 30 டிகிரியில். சாங்கியில் அந்தக் குளிர் வருவதற்குள் உலகம் முடிந்துவிடும். இரண்டாவது எண், 100 டிகிரியில் எண்ணெயின் தடிமன். ஆனால் டர்போவுக்கு முக்கியமான எண் முன்பக்கத்தில் இருப்பதே இல்லை. 150 டிகிரிச் சூட்டில், வேகமாக நசுக்கப்படும்போது எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்ற அளவு அது. 'எச்டிஎச்எஸ்' என்பார்கள்.

முதல் போத்தலில் ஏபிஐ எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6ஏ. அதன்படி அந்த அளவு குறைந்தது 2.9 இருந்தால் போதும். எரிபொருள் சிக்கனமே நோக்கம். இரண்டாவதில் ஐரோப்பிய ஏசிஇஏ சி3. அதற்குக் குறைந்தது 3.5 வேண்டும். புகைக்குழாய் வடிகட்டி அடைக்காமலிருக்கச் சாம்பலும் குறைவாக இருக்கவேண்டும். ஒரே 5டபிள்யூ-30, ஆனால் இரண்டு வேறு எண்ணெய்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் வண்டி அன்றைக்கே நிற்காது. அதனால்தான் தவறு தெரிவதில்லை.

'எஸ்பி' என்ற எழுத்துகளுக்கும் தனிக் கதை உண்டு. சின்ன டர்போ இயந்திரத்தில் குறைந்த சுற்றில், அதாவது 1,500, 2,000 அளவில், காலை அழுத்தி மிதித்தால், தீப்பொறி வருமுன்பே கலவை வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் அபாயம் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் அதைத் தூண்டுகிறது என்பதும் தெரியவந்தது. தயாரிப்பாளர்கள் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். அந்தச் சோதனை முதலில் 2018இல் எஸ்என் பிளஸ் தரத்திலும், 2020 மே மாதம் எஸ்பி தரத்திலும் இடம்பெற்றது. எஸ்பியில் டைமிங் சங்கிலித் தேய்மானச் சோதனையும் உண்டு. 2021இல் ஐரோப்பியர்கள் சி6, ஏ7/பி7 தரங்களில் இதுபோன்ற சோதனைகளைச் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் எஸ்கியூ வந்துவிட்டது. வெறும் 'எஸ்என்' என்று மட்டும் போட்ட பழைய கையிருப்பு மலிவாகக் கிடைத்தால், டர்போக்காரர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சொல் விளையாட்டையும் பார்த்தேன். ஒரு போத்தலின் பின்புறம் கார் நிறுவனத்தின் 'அங்கீகாரம் பெற்றது' என்றிருந்தது. மற்றொன்றில் அதே எண்ணுக்கு எதிரே 'தேவைகளைப் பூர்த்தி செய்யும்' என்றிருந்தது. முன்னது கார் நிறுவனம் சொல்வது. பின்னது எண்ணெய் விற்பவர் தாமே சொல்லிக்கொள்வது. விலை வித்தியாசத்தின் ஒரு பகுதி அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 'முழுச் செயற்கை' என்ற பெரிய எழுத்து எனக்கு இப்போது அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்ததையும் பல நாடுகளில் அந்தப் பெயரில் விற்கலாம்.

இதையெல்லாம் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில், நாசி லெமாக் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நண்பனிடம் கொட்டினேன். விமானப் பராமரிப்பில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன்.

"மச்சான், எங்க வேலையில எந்த எண்ணெய் நல்லதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மேனுவல்ல இருக்கிற எண் டின்ல இருக்கா? அவ்வளவுதான். எவ்வளவு ஊத்தினோம்னும் எழுதி வைக்கணும். திடீர்னு கூடினா இன்ஜின் ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம்."

முதலாம் உலகப் போர்க் கால விமானங்களுக்கு ஊற்றியது ஆமணக்கு எண்ணெய் என்றும் அவன்தான் சொன்னான். 1909இல் வந்த 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததாம். பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய்க்கு இப்படியொரு வம்சம் இருக்கும் என்று யார் கண்டது!

புது டர்போவுக்குக் கையேட்டில் உள்ள எண்ணே ஊற்றப்பட்டது. இடைவெளியைப் பாதியாக்கிவிட்டேன். வாரம் ஒருமுறை, அதிகாலையில் கிளம்புமுன், அளவுக்கோலை உருவித் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்கிறேன். அளவு குறைந்தால் கவலை. தானாகக் கூடினால் பெட்ரோல் கலக்கிறது என்று அதைவிடக் கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல், ஈசிபியில் நகரம்வரை போய்த் திரும்புகிறேன். எண்ணெய் நன்றாகச் சூடேறட்டும் என்றுதான். மனைவி இதை இன்னும் முழுதாக நம்பவில்லை.

மிச்சமிருந்த 10டபிள்யூ-40 போத்தல் சேமிப்பறையில் இருக்கிறது. வீட்டு இரும்புக் கதவின் கீலுக்கு அது போதும்.