நாலு தந்தி... 'தகிட தகிட தக'... 30 லட்சம் ரசிகர்கள்!

1923-ம் ஆண்டு. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரில் உள்ள அல்ஹாம்ப்ரா அரங்கம். ஒரு பந்தயத்துக்காகக் கையில் குட்டி வாத்தியத்தோடு மேடையேறினார் ஓர் இளைஞர். அதுவரை அவர் செய்துகொண்டிருந்தது, மறைந்த தன் தந்தையின் நகைச்சுவைகளை அப்படியே திரும்பச் சொல்வது. அதற்குப் பெரிய வரவேற்பில்லை. ஆனால், அன்று வாத்தியத்தைத் தொட்டதும் அரங்கமே கைதட்டியது!

அவர், ஜார்ஜ் ஃபார்ம்பி. ஏழு வயதிலேயே பள்ளியை விட்டு, குதிரைப் பந்தய ஜாக்கி ஆவதற்காக அனுப்பப்பட்டவர். சரளமாகப் படிக்கத் தெரியாது. இசைக் குறிப்புகள் சுத்தமாகத் தெரியாது. அவர் கையில் இருந்தது பேஞ்சோலேலே. அதாவது, யுகுலேலேயின் நாலு தந்திகளும் பேஞ்சோவின் தோல் போர்த்திய வட்ட உடலும் சேர்ந்த வாத்தியம்.

ஃபார்ம்பியின் இடது கைக்குத் தெரிந்த பிடிகள் குறைவுதான். அதனால், வெவ்வேறு சுருதியில் அமைத்த பல வாத்தியங்களை வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப ஒன்றை எடுத்து அதே பிடிகளில் சமாளித்தார். ஆனால், அவருடைய வலது கை செய்தது மாயாஜாலம். அதன் பெயர் 'ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்'.

என்ன ரகசியம்?

வழக்கமான வாசிப்பில், விரல் கீழே போகும்போதும் மேலே வரும்போதும் நாலு தந்திகளையும் உரசும். ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்கில் கை அதே சீரில்தான் ஆடும். ஆனால் ஒரு வீச்சில் எல்லாத் தந்திகளும், மற்றொன்றில் கீழ் ஓரத் தந்தி மட்டும், இன்னொன்றில் மேல் ஓரத் தந்தி மட்டும் ஒலிக்கும். எட்டு வீச்சுகள் 3-3-2 என்று பிரியும். நம் ஊர் வழக்கில் சொன்னால், 'தகிட தகிட தக'. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் அழுத்தம். பார்ப்பவருக்கோ, இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும்.

கற்றுக்கொள்வது எப்படி?

முதலில் இடது கையால் தந்திகளை லேசாக மூடி, ஒலியை அடக்கிவிடுங்கள். வாயால் 'தகிட தகிட தக' சொல்லிக்கொண்டே, மெதுவாக வலது கையை மட்டும் பழக்குங்கள். அசைய வேண்டியது மணிக்கட்டு, தோள் அல்ல. கை இறுகினால் நிறுத்தி, இன்னும் வேகத்தைக் குறையுங்கள். அவசரப்பட்டால் ஓரத் தந்திக்குப் பதில் எல்லாத் தந்திகளும் ஒலித்து, தாளம் குழம்பிவிடும். தடுமாறாமல் வந்த பிறகே பிடிகளைச் சேருங்கள்.

இந்த வித்தையோடுதான் ஃபார்ம்பி பிரிட்டனின் முன்னணித் திரை நட்சத்திரம் ஆனார். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காக ஊர் ஊராக வாசித்தார். 1945-ல் பர்மா, இந்தியா, இலங்கைக்கும் வந்தார். போர் முடிவதற்குள் அவர் வாசிப்பை நேரில் ரசித்த வீரர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு.

1961-ல் ஃபார்ம்பி மறைந்தார். அதே ஆண்டில் ரசிகர்கள் அவர் பெயரில் தொடங்கிய சங்கத்தில், பின்னாளில் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் உறுப்பினர் ஆனார். 1995-ல் வெளியான பீட்டில்ஸின் 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' பாடல் முடிந்ததும் ஒரு சின்ன யுகுலேலே வாசிப்பு கேட்கும். ஃபார்ம்பிக்கு ஹாரிசன் வைத்த வணக்கம் அது!