மோட்டார் வண்டியும் கைபேசியும்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். சித்திரை மாதத்தில் அச்சாலையோரத்துப் புல் முழுவதும் காய்ந்து சருகாகிக் கிடக்கும். சிவகாசியை நெருங்க நெருங்கப் பட்டாசுத் தொழிற்சாலைகள் மிகுதி. மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுவது அங்கு வழக்கம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை அவ்வட்டாரத்தார் எவரும் மறக்கவில்லை. நெருப்பென்றால் அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டிய அந்தப் பகுதியில், என்னுடைய பழைய பெட்ரோல் காரே எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால், அப்பாடத்தை மாணவர்களுக்குச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

2015இல் வாங்கிய கார் அது. ஒரு நாள் அதன் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள். “ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, ஐயா” என்றார்கள். புதிய சென்சார் வந்தது, சில ஆயிரம் ரூபாய் சென்றது, விளக்கும் அணைந்தது. பத்து நாட்களில் மீண்டும் எரிந்தது!

பொறியியல் பயிலும் என் தங்கை மகன் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தான். தீப்பெட்டி அளவே உள்ள ஒரு பொருளை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பதினாறு துளைச் செருகியில் பொருத்தினான். அது புளூடூத் மூலம் அவனுடைய கைபேசியோடு பேசத் தொடங்கியது.

அச்செருகி எங்கிருந்து வந்தது? புகையால் மூச்சுத் திணறிய கலிபோர்னியா மாநிலம், வண்டிகள் தம் குறைகளைத் தாமே கண்டறிந்து தெரிவிக்க வேண்டும் என்று 1988இல் முதன்முதல் விதித்தது. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைக் குறியீடுகளும் கட்டாயமாயின. நம் நாட்டில் இத்தகைய முறை 2010இல் தொடங்கி, 2013 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் படி நடைமுறைக்கு வந்தது. ஆகவே என் காரிலும் அது இருந்தது. அத்தனை ஆண்டுகளாக என் முழங்காலுக்கு மேலேயே இருந்தும் நான் அதைக் கண்டதில்லை.

எஞ்சினின் பல இடங்களில் சென்சார் எனப்படும் உணர்கருவிகள் உள்ளன. அவை தரும் செய்திகளைக் கொண்டு ஒரு சிறு கணிப்பொறி, ஒவ்வொரு கணமும் எவ்வளவு பெட்ரோல் பாய்ச்சுவது என்று தீர்மானிக்கிறது. கைபேசி அக்கணிப்பொறியைக் கேள்வி கேட்கிறது. ‘குளிர்விக்கும் நீரின் உஷ்ணம் என்ன?’ என்று கேட்டால் 125 என்ற எண் வருகிறது. அதில் 40ஐக் கழிக்க 85 டிகிரி சென்டிகிரேடு கிடைக்கும். ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண்ணைக் கொண்டே பனிநாட்டுக் குளிரையும் சொல்லியாக வேண்டும் அல்லவா? 0 என்றால் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி என்று வைத்துக்கொண்டார்கள். சிக்கனமான ஏற்பாடு.

என் கார் இரண்டு குறியீடுகளைச் சொல்லிற்று. ஒன்று பி 0171: எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று மிகுதி என்பது அதன் பொருள். மற்றொன்று பி 0303: மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. நம் மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பர். ஒரு பங்கு பெட்ரோல் செம்மையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதத்தைக் காக்கக் கணிப்பொறி வழக்கத்தினும் 18 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் பாய்ச்சிக்கொண்டிருந்ததைத் திரையில் கண்டோம்.

இங்கேதான் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். புகைக்குழாயில் உள்ள உணர்கருவி பெட்ரோலைக் காண்பதில்லை. பிராணவாயுவை மட்டுமே காண்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி பற்றாமற்போனால், அதிலிருந்த காற்று எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வந்துவிடும். ‘பிராணவாயு மிகுதி’ என்று உணர்கருவி உண்மையையே சொல்கிறது. கணிப்பொறியோ அதைப் ‘பெட்ரோல் குறைவு’ என்று பொருள்கொண்டு மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. பட்டறையார் உணர்கருவியையே குற்றவாளியாக்கினர். மெய் சொன்ன சாட்சியைத் தூக்கில் போட்டது போலாயிற்று! குறை தோன்றிய கணத்தில் எஞ்சினின் வேகம், உஷ்ணம் முதலியவை என்னவாக இருந்தன என்ற குறிப்பையும் கணிப்பொறி சேமித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு விளக்கை அணைத்தபோது அக்குறிப்பும் அழிந்துபோயிற்று.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அன்று சிவகாசிக்குப் புறப்பட்டது என் பிழைதான். மாலைக்குள் ஒரு நண்பரைக் காண வேண்டியிருந்தது. ஆமத்தூரைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. ஒரு வேப்பமர நிழலைக் கண்டு காரைச் சாலையோரம் ஒதுக்கப் போனேன்.

“மாமா, புல்லில் ஏற்றாதீர்கள்!” என்று கூவினான் பையன்.

விளக்கு தொடர்ந்து எரிந்தால் ‘கவனி’ என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள காடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குப் போகிறது என்று பொருள். புகையின் நஞ்சை முறிக்கும் அச்சாதனத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் உள்ளன. சாதாரணமாகவே அதன் உட்புறம் 400 முதல் 800 டிகிரி வரை சூடாகும். எரியாத பெட்ரோல் அங்கே வந்து எரிந்தால் 1000 டிகிரியையும் கடக்கக்கூடும். காரின் அடிவயிற்றில் அத்தகைய அடுப்பு. அதன் கீழே சித்திரை மாதத்துச் சருகு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பட்டாசு ஆலையின் கொட்டகைகள். அதை நினைக்கும்போது இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

மெல்ல ஊர்ந்து சென்று, சிமெண்டுத் தளம் போட்ட ஒரு தேநீர்க்கடை முன்பு நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். அது ஆறுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. பிறகு பையன் எளிய சோதனை ஒன்று செய்தான். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் மின்பொறிக்கு வேண்டிய உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் காயில் ஒன்று இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதன் காயிலை மூன்றாவதிலும் மாற்றிப் பொருத்தினான். குறியீடுகளைக் குறித்துக்கொண்ட பின்னரே அழித்தான். நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டோம். பி 0302 என்றது கைபேசி. குறை காயிலோடு இடம் பெயர்ந்துவிட்டது! ஸ்பார்க் பிளக்கோ, பெட்ரோல் பாய்ச்சும் குழலோ கெட்டிருந்தால் குறை மூன்றாவது சிலிண்டரிலேயே தங்கியிருக்கும். பௌதிக வகுப்பில் ‘ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வை’ என்று முப்பது ஆண்டுகள் நான் சொல்லிவந்ததை, என் காரின் மீதே ஒருவன் செய்து காட்டினான்.

அவன் பேருந்தில் சிவகாசிக்குச் சென்று ஒரு புதிய காயில் வாங்கி வந்தான். அதைப் பொருத்திய பின் 18 விழுக்காடு மெல்ல மெல்ல இறங்கி 2இல் நின்றது. மாற்றப்பட்ட பழைய ஆக்ஸிஜன் சென்சார் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் ஒரு குறையுமில்லை என்றே எண்ணுகிறேன்.

கருவி வாங்க விரும்புவோர்க்கு இரண்டு சொற்கள். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த இஎல்எம் 327 என்னும் சில்லின் போலிகள் கடைகளில் ஏராளம். சில போலிகள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருவதில்லை. வண்டியை நிறுத்திய பிறகும் கருவியைச் செருகியிலேயே விட்டுவைத்தால் பாட்டரி வற்றிப்போகலாம்.

மாலை ஐந்து மணிக்கு நண்பரின் ஆலையை அடைந்தோம். காரை வெளியே மண் தரையில் நிறுத்தச் சொன்ன காவலர், எங்கள் கைபேசிகளைக் கேட்டார். பொறியுண்டாக்கக்கூடிய எதுவும் உள்ளே வரலாகாது என்பது அங்கே விதி. காலையிலிருந்து எங்களுக்கு வழிகாட்டிய கைபேசியைப் பையன் எடுத்துக் கொடுத்தான். காவலர் அதை ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எங்களை உள்ளே போகவிட்டார்.