தாத்தா பிறந்தது எந்தத் தாது வருஷம்?

“பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டால் பதில் தடுமாறும். “தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆகி, பெரியவன் கைக்குழந்தை” என்று சட்டென்று வரும். மனித நினைவு எண்ணைவிட வரிசையை உறுதியாகப் பிடித்துவைக்கிறது. குடும்ப வரலாற்றைக் காலவரிசையாக எழுத இந்த ஒரு குணத்தைக் கொண்டே தொடங்கிவிடலாம்.

மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பிறந்த தேதி பதிவாகாத ஊர்களில் வயதைக் கேட்டால் 40, 45, 50 என்று 0-இலும் 5-இலும் முடியும் எண்களாகவே குவியும். அதனால் பல நாடுகளில் கணக்கெடுப்பவர் கையில் அந்த வட்டாரத்துப் பஞ்சம், வெள்ளம், ஆட்சி மாற்றம் எல்லாம் அடங்கிய நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்றையும் கொடுத்தனுப்புவார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பட்டியல் எளிதாகக் கிடைக்கும். 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டன் கப்பல். 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பான் குண்டு வீசிய பிறகு பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய கூட்டம். 1964 டிசம்பர் 22-23 இரவு தனுஷ்கோடிப் புயல். 2004 டிசம்பர் 26 சுனாமி. இவற்றை ஒரு நீண்ட தாளின் இடப்பக்கம் எழுதிவிட்டு, வலப்பக்கம் வீட்டுச் செய்திகளை நிரப்ப வேண்டும்.

ஒருவரின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் 1963 ஜூன் 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். புயலின்போது அவர் தொட்டிலில் கிடந்ததாகச் சொல்கிறார் அம்மா. சான்றிதழ்படி அப்போது அவருக்கு ஒன்றரை வயது, ஓடித் திரிந்திருப்பார். ஜாதகத்தை எடுத்தால் ‘குரோதி வருஷம், ஆனி மாதம்’ என்றிருக்கிறது. அது 1964 ஜூன்-ஜூலை. புயலன்று ஆறு மாதக் குழந்தை. அம்மா சொன்னது சரி. ஐந்து வயது நிறைந்ததாகக் காட்டுவதற்காக ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது அன்று சாதாரணம்.

தமிழ் வருஷத்தை மாற்றும்போது கவனம் தேவை. வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், குரோதி ஆனி 1964 என்றாலும் குரோதி மாசி 1965 ஆகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. ‘தாது வருஷம், ஐப்பசி’ என்று மட்டும் உள்ள பழைய ஜாதகம் 1876-ஐச் சொல்கிறதா, 1936-ஐயா?

விடை அதே ஜாதகத்தின் ராசிக் கட்டத்தில் இருக்கிறது. குரு சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு. சனி சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு. 60 ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, பழைய இடத்துக்கு அருகிலேயே வந்து நிற்கும். 1876 ஐப்பசியிலும் 1936 ஐப்பசியிலும் சனி கும்பத்தில்தான். ஆகவே இவை உதவாது. உதவுவது ராகு. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகளில் ஒன்றே ராகு. அது ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டு ஆகும். 60-ஐ 18.6 சரியாக வகுக்காது. மூன்று சுற்றுப் போக இன்னும் ஏறத்தாழ 81 பாகை மிஞ்சும். அதனால் 1876 ஐப்பசியில் கும்பத்தில் இருந்த ராகு, 1936-இல் தனுசில் இருந்தது. ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் இது பயன்படும். கட்டத்தில் எழுதியிருப்பது அன்றைய வானத்தின் பதிவு.

மற்ற சான்றுகள் உறவினர் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. மொய் நோட்டில் கல்யாணத் தேதியும் வந்தவர்களின் ஊரும் இருக்கும். நிலப் பத்திரத்தில் மூன்று தலைமுறைப் பெயர் இருக்கலாம். ஆகவே காலவரிசையை அரைகுறையாக இருக்கும்போதே பங்காளிகளுக்கும், முக்கியமாக அத்தை, சித்தி வீடுகளுக்கும் அனுப்புங்கள். வெற்றுத் தாளைக் கண்டு பேசாதவர்கள், தவறான தேதியைக் கண்டால் உடனே திருத்துவார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தக் காகிதம் என்று குறியுங்கள். உறுதியானதை ஒரு நிறத்திலும் ஊகத்தை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுவில் போடாதீர்கள்.

பத்திரத்திலும் பட்டாவிலும் பெயர் ஏறாத பெண்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் வாழ்ந்த காலம் ஊர்ப் புயலோடும் பிள்ளைப் பேற்றோடும் சேர்ந்து இன்னொருவரின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவு உள்ளவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வருஷத்தைக் கேட்காமல், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கேளுங்கள்.