சேற்றைக் கேட்டால் ஆழம் சொல்லும்

எரிமலை என்றால் நெருப்புதான் நினைவுக்கு வரும். சேறு கக்கும் எரிமலையும் இருக்கு, தெரியுமா? நம் நாட்டிலேயே அந்தமானில் பாராடாங் தீவில் உள்ளது. அந்தச் சேறு சுடாது.

ஆனால் இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவில், 2006 மே 29 அன்று நெல்வயலில் பொங்கிய சேறு கொதிக்கிற சூடு. அதன் பெயர் லூசி. (லும்பூர் என்றால் அவர்கள் மொழியில் சேறு. கோலாலம்பூரில் வருவதும் அதே லும்பூர்தான்!) வீடுகளும் பள்ளிக்கூடங்களும் மூழ்கின. 30,000 பேருக்கு மேல் ஊரை விட்டுப் போனார்கள்.

இது எப்போ நிற்கும் என்று சொல்ல, தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருதுன்னு தெரியணும். மேலே வந்த சேற்றில் வெப்பமானியை வைத்தால் போதாது. வரும் வழியில் அது ஆறிவிடும். ஆனால் டீ ஆறிப்போனாலும் நிறத்தைப் பார்த்து, தூள் நல்லா கொதிச்சிருக்கான்னு அம்மா சொல்லிடுவாங்க இல்லையா? அது மாதிரிதான். பூமிக்குள் சூடு ஏற ஏற, களிமண்ணிலிருந்து லித்தியம் தண்ணீரில் கரையும். மெக்னீசியமோ தண்ணீரை விட்டுக் களிமண்ணோடு சேர்ந்துவிடும். எனவே லித்தியம் அதிகம், மெக்னீசியம் குறைவு என்றால் கீழே நல்ல சூடு. இந்த இரண்டின் அளவை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். வழியில் கடல்நீர் கலந்தால் மெக்னீசியம் கூடிவிடும், சூட்டைக் குறைத்துக் காட்டும்.

சூடு தெரிந்தால் ஆழம் சுலபம். பொதுவாக 1 கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும். தரையில் 30 டிகிரி, கீழே 105 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 75. அதை 30-ஆல் வகுத்தால் 2.5 கி.மீ. அதாவது எட்டாயிரம் அடிக்கு மேல்! (நம்ம பக்கம் போர்வெல் ஆயிரம் அடி போனாலே பெரிய பேச்சு.) எரிமலைக்குப் பக்கத்தில் கிலோமீட்டருக்கு 40 டிகிரி கூடினால், அதே 105 டிகிரிக்கு 2 கி.மீ. கூட வராது. ஆகவே அந்த இடத்தின் கணக்கையும் தெரிஞ்சிருக்கணும்.

லூசியிலும் முதலில் ஒரே குழப்பம்தான். 2007-ல் சிலர் 2 கி.மீ.க்குள் உள்ள களிமண் தண்ணீர் என்றார்கள். வேறு சிலர் அதற்கும் கீழே உள்ள சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் என்றார்கள். 2012-ல் சேற்றோடு வரும் வாயுக்களை ஆராய்ந்தவர்கள், 200 டிகிரிக்கு மேல் சூடு, 4 கி.மீ.க்கும் கீழே மூலம், பக்கத்து அர்ஜுனோ எரிமலையின் சூடும் சேருகிறது என்று சொன்னார்கள். களிமண் தண்ணீர் மட்டும் என்றால் ஒருநாள் தீர்ந்துபோகும். அடியில் எரிமலையே அடுப்பாக எரிந்தால் சீக்கிரம் நிற்காது. அங்கே சுற்றிலும் கரை கட்டி, சேற்றைப் போரோங் ஆற்றில் இறைத்து விடுகிறார்கள்.