நட்டு கழன்ற பிறகும் விடாத பிடி

காரின் முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. பால் ஜாயின்ட்டின் ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டையும் எடுத்தாயிற்று. இனி அதைப் பிடித்து வைக்க மரை எதுவும் இல்லை. ஆனாலும் ஜாயின்ட் அசையாது. கடப்பாரை போட்டு நெம்பினால் கார்தான் ஆடும்.

பால் ஜாயின்ட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் எஃகு உருண்டை. அதிலிருந்து நீளும் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளைக்குள் போய் உட்காரும். தண்டைக் கூர்ந்து பாருங்கள்: நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பல வண்டிகளில் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறையும். துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். பட்டறையில் இதை டேப்பர் என்பார்கள். அடுக்கி வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்வதும் இதே வடிவத்தால்தான்.

இந்தச் சரிவு பக்கத்துக்கு 3 டிகிரிகூட இல்லை. எஃகின்மேல் எஃகு தானாக வழுக்க வேண்டுமென்றால், உராய்வெண் 0.15 என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 8.5 டிகிரி சாய்வு வேண்டும். ஆகவே உள்ளே போன தண்டு தானாக வெளியே வர வழியே இல்லை. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் வடிவமைத்த டேப்பர், இன்றும் லேத்தில் ட்ரில் பிட்டை மரையில்லாமல் பிடித்து வைப்பது இந்த உராய்வை நம்பித்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. 12 மில்லிமீட்டர் நட்டை 80 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால், தண்டு ஏறக்குறைய 3 டன் விசையோடு உள்ளே இழுபடுகிறது. ஆப்பு வடிவம் அதை ஐந்து மடங்காக்கித் துளைச்சுவரின் மேல் அழுத்துகிறது. நட்டைக் கழற்றினால் போவது அந்த 3 டன் இழுப்பு மட்டும்தான். சுவரின் பிடி அப்படியே இருக்கும். தண்டை வெளியே தள்ள ஒன்றரை டன்னாவது வேண்டும்.

அதுவும் துரு இல்லாதபோது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். புகுந்த இடுக்கைத் தானே இறுக்கிவிடும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் கனடா போன்ற நாடுகளிலும் இந்தத் தொல்லை அதிகம்.

தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கத்தான் கை போகும். அங்கே அடித்தால் மரை நசுங்கும், தண்டு நகராது. தேர்ந்த மெக்கானிக் தண்டைத் தொடவே மாட்டார். அதைச் சுற்றியிருக்கும் நக்கிளின் வளையத்தைக் கனமான சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலை முட்டுக்கொடுப்பார். தண்டு நழுவ வேண்டியது நெடுக்கே, அடி விழுவதோ குறுக்கே. ஆனால் அடி விழும் கணத்தில் வட்டமான துளை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்வட்டமாகிறது. சுவரின் பிடி ஓரிடத்தில் தளர்கிறது, துரு நொறுங்குகிறது. உராய்வு அந்த ஒரு கணம் தோற்றால் போதும், நெருக்கிக்கொண்டிருந்த சுவரே தண்டை வெளியே தள்ளிவிடும். பட்டென்று ஒரு சத்தம், ஜாயின்ட்டின் மறுபக்கத்தில் இருக்கும் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், இறங்கிவிடும். இயற்பியல் பாடம் படிக்காத கைகள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருவதை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன்.

கவை போன்ற இரும்பு ஆப்பை இடையில் அடித்து இறக்குவதும் உண்டு. அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், தூக்கியெறியப்போகிற ஜாயின்ட்டுக்கு மட்டும் சரி. சூடேற்றுவது கடைசி வழி. சூட்டில் துளை சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் விரியும். 15 மில்லிமீட்டர் துளை 200 டிகிரி கூடுதல் சூட்டில் 0.036 மில்லிமீட்டர் அகலமாகும். ஆனால் அருகிலுள்ள ரப்பரும் கிரீஸும் கருகும், அலுமினிய நக்கிள் என்றால் வலுவே குறைந்துவிடும்.

எந்த முறையானாலும், தொடங்குமுன் கழற்றிய நட்டைத் திரும்பச் சில மரைகளுக்கு ஏற்றி வைக்க வேண்டும். லோயர் ஆர்மின்மேல் சுருள்வில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்தாக வேண்டும். ஜாயின்ட் விட்டதும் வில் ஆர்மைக் கீழே அறையும். அந்த அறை எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும்.

புதியதைப் பொருத்தும்போது தண்டையும் துளையையும் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் சேர்க்க வேண்டும். ஸ்பிலிட் பின்னின் துளை நட்டின் பள்ளத்தோடு பொருந்தாவிட்டால், நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்த வேண்டுமே தவிர, பின்னோக்கித் திருப்பவே கூடாது.