மலேரியாக் கிருமி ஏன் எளிதில் அகப்படுவதில்லை?

அனாபிலஸ் கொசு கடித்த சில மணி நேரத்துக்குள் கல்லீரலில் குடிபுகுந்து, அங்கே பல்லாயிரமாகப் பெருகி, பின்னர் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் மறைந்துகொள்ளும் பால்சிபாரம் என்னும் மலேரியாக் கிருமியை, நமது தேகத்தின் காவலணுக்கள் ஏன் எளிதில் ஒழிக்க இயலுவதில்லை? கல்லீரல் அணுவானது தன்னுள் புகுந்த கிருமியின் புரதத் துணுக்குகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்ட, அவற்றை அடையாளங்கண்டு டி அணுக்கள் என்னும் காவலணுக்கள் அதனைக் கொல்லும்; முதிர்ந்த சிவப்பணுவுக்கோ உட்கருவுமில்லை, அவ்விதம் காட்டும் சாதனமுமில்லை. போதாக்குறைக்கு, அச்சிவப்பணுவின் மேற்பரப்பில் கிருமி நிறுத்தும் புரதத்துக்கு ஏறத்தாழ 60 ஜீன்கள் உண்டு; ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேஷம். ஒரு வேஷத்துக்கு எதிர்ப்பொருள் தயாராகுமுன் மற்றொன்றைப் புனைந்துகொள்ளும் இச்சாமர்த்தியத்தை, விரோதியினுடையதே ஆயினும், வியக்காதிருக்க முடியவில்லை. ஆகவே விஞ்ஞானிகள், கல்லீரலை எட்டுமுன் கிருமி போர்த்தியிருக்கும் மேலுறைப் புரதத்தின் ஒரு பகுதியை ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதத்தோடு பிணைத்து, ஆர்.டி.எஸ்.,எஸ் என்னும் தடுப்பூசியை உண்டாக்கினர். 2021 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் அதனை ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குச் சிபாரிசு செய்தது. எதிர்ப்பொருள் நாளடைவில் குறைந்துவிடுவதால், நான்கு தவணைகள் போடவேண்டியிருக்கிறது.